ஈயப் பை போதுமா? ஃபிலிமோடு விமான நிலையச் சோதனையைத் தாண்டுவது பற்றி

மார்ச் 3, மாலை (கேள்வி)

அடுத்த மாதம் பல விமானங்கள் மாறிப் போகிற பயணம். பையில் பெரும்பாலும் 400 வேக ஃபிலிம், கூடவே கொஞ்சம் 3200 (எண் கூடக்கூட ஃபிலிம் குறைந்த வெளிச்சத்துக்கே மாறும்). ஈயம் பூசிய பை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். 800-க்குக் கீழே இருந்தால் எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். 3200-ஐ மட்டும் ஈயப் பையில் போட்டுவிட்டு மீதியைச் சும்மா விட்டால் போதும்தானே?

மார்ச் 3, இரவு

போதாது. அந்த 800 கணக்கு பழைய எக்ஸ்ரே இயந்திரத்துக்கு. கைப்பையை பெல்ட்டில் வைத்தால் பெட்டி மாதிரி ஒரு கூட்டுக்குள் போய், தட்டையான ஒரு படம் எடுத்துக்கொண்டு வெளியே வருமே, அதில் 400 ஃபிலிம் சில தடவை போய் வந்தாலும் வித்தியாசம் தெரியாது. அது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை. ஆனால் இப்போது பல நிலையங்களில் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு சிடி ஸ்கேனர் வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் எடுக்கிற அதே சிடி முறைதான். எக்ஸ்ரே குழாய் பையைச் சுற்றிச் சுழன்று எல்லாப் பக்கமிருந்தும் எடுத்து முப்பரிமாணப் படமாகக் கோக்கிறது. ஃபிலிமில் விழுகிற கதிரும் அந்த அளவுக்குக் கூடுகிறது. கோடக், இல்ஃபோர்டு இரண்டு பேருமே சொல்வது ஒன்றுதான்: சிடியில் எந்த வேக ஃபிலிமையும் விடாதீர்கள், 100 ஆனாலும் சரி.

ஆகவே உங்கள் 400-ம் 3200-ம் ஒரே பையில், ஒரே கவனத்தோடு போக வேண்டியவை.

மார்ச் 3, இரவு, இன்னும் கொஞ்சம்

ஏன் ஃபிலிமுக்கு இது உறைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபிலிமில் இருப்பது வெள்ளி ஹாலைடு படிகம். வெளிச்சம் பட்டால் எப்படி மாறுமோ அப்படியே எக்ஸ்ரே பட்டாலும் மாறும். வேகமான ஃபிலிமில் படிகங்கள் பெரியவை, அதனால் சீக்கிரம் மாட்டும். இன்னொன்று, இது சேர்ந்துகொண்டே போகிற சேதம். இன்று ஒரு தடவை, நாளை ஒரு தடவை என்று போனால் இரண்டும் கூடித்தான் நிற்கும், நடுவில் ஆறாது. படம் எடுத்த ரோலோ எடுக்காத ரோலோ, டெவலப் ஆகாத வரை இரண்டுக்கும் ஒரே ஆபத்து. டெவலப் செய்து கழுவிக் காய்ந்த நெகட்டிவை எத்தனை இயந்திரத்தில் விட்டாலும் ஒன்றும் ஆகாது.

மார்ச் 4, காலை

ஈயப் பை பற்றி. வாங்கிவிட்டீர்கள், வருத்தப்பட வேண்டாம், ஆனால் அதை நம்பி எதையும் செய்யாதீர்கள். பெல்ட்டில் இருக்கிற ஆளின் திரையில் அந்தப் பை கன்னங்கரேலென்று ஒரு கட்டியாகத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கட்டியை அவர் அப்படியே அனுப்பிவிட மாட்டார், அது அவர் வேலை. ஒன்று, திறந்து பார்ப்பார். அதற்கு முதலிலேயே வெளியே எடுத்துக் கொடுத்திருக்கலாம். அல்லது, ஈயப் பையிலிருந்து எடுத்துத் தட்டில் போட்டு மறுபடியும் ஓட்டச் சொல்வார். அப்போது பாதுகாப்பே இல்லாமல் போகும்.

என் கருத்து இதுதான்: ஃபிலிமை இயந்திரத்திடமிருந்து மறைக்கப் பார்ப்பதை விட்டுவிட்டு, மனிதருக்கு முழுசாகக் காட்டப் பாருங்கள். சோதனை அதிகாரிக்குச் சந்தேகம் வராமல், அரை நிமிடத்தில் பார்த்து முடிக்கிற மாதிரி வைத்திருந்தால் கையால் சோதிக்கச் சம்மதிப்பவர்கள் நிறையப் பேர்.

மார்ச் 4, மாலை

"நான் சிடி-யில் விட்டேன், ஒன்றும் ஆகவில்லை, சும்மா பயமுறுத்துகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை விட்டுவிட எனக்கு மனசில்லை, ஏனென்றால் இதை நம்பித்தான் பலர் திரும்பி வராத படங்களைப் பணயம் வைக்கிறார்கள்.

ஒன்றும் ஆகவில்லை என்று எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? லேப் அனுப்பிய ஸ்கேனைப் பார்த்து என்றால் அது சாட்சியே இல்லை. லேப் ஸ்கேனர் ஒவ்வொரு படத்துக்கும் கருப்பையும் வெள்ளையையும் தானாகச் சரிசெய்துவிடும். மூட்டம், அதாவது கதிர் பட்டு ஃபிலிமில் படர்கிற மங்கல், ஏறியிருந்தால் அதையும் சேர்த்து இழுத்து, பார்க்க லட்சணமாகத்தான் கொடுக்கும். நெகட்டிவைக் கையில் எடுங்கள். அதே வகை ஃபிலிமில், விமானமே ஏறாத ஒரு ரோலை, அதே லேபில் டெவலப் ஆனதைப் பக்கத்தில் வையுங்கள். லைட் பாக்ஸ் மேல் இரண்டையும் போட்டு, படங்களுக்கு நடுவில் இருக்கிற வெற்றுப் பட்டையைப் பாருங்கள். வெளிச்சமே படாத அந்த இடம் ஒன்றைவிட இன்னொன்றில் கனமாக இருந்தால், அதுதான் மூட்டம். நெகட்டிவில் நிழல் பகுதி மெல்லியதாக இருக்கும், அதனால் முதல் அடி அதற்குத்தான் விழும். முழுக் கருப்பாக வரவேண்டிய இடம் சேறு மாதிரி சாம்பலாகும், குருணை தடிக்கும், கலரில் ஒரு சாயம் ஏறும். வெயிலில் எடுத்த, நிழலே இல்லாத படத்தில் இது கண்ணில் படாது. ராத்திரியில், உள்ளரங்கில் எடுத்ததில்தான் தெரியும்.

ஸ்லைடு ஃபிலிமில், அதாவது நெகட்டிவ் ஆகாமல் நேராகவே படமாக வருகிற ஃபிலிமில், தலைகீழ். அங்கே மூட்டம் வந்தால் கருப்பின் அடர்த்தி குறையும். ஆழமான கருப்புக்காகத்தான் ஸ்லைடே எடுக்கிறோம், அது போய்விட்டால் என்ன மிச்சம்?

மார்ச் 5

சிடி இயந்திரத்தை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று கேட்டவருக்கு. உருவத்தைப் பாருங்கள். பழையது மெலிந்த பெட்டி, வாயில் ஈயப்பட்டைத் திரை தொங்கும். சிடி பருமனாக, நடுவில் உருண்டு புடைத்த உடம்போடு இருக்கும், பெரும்பாலும் வெள்ளை நிறம். பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது. ஸ்மித்ஸ் டிடெக்‌ஷன் ஹை-ஸ்கேன் 6040 சிடிஐஎக்ஸ் என்று பக்கவாட்டில் எழுதியிருப்பது நிறைய இடங்களில் கண்ணில் படும். அனலாஜிக் கனெக்ட் இன்னொன்று.

மடிக்கணினியையும் திரவத்தையும் பையிலேயே விடச் சொன்னால் சிடி என்று சொல்கிற வழக்கமும் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோலில் அப்படித்தான், அங்கே பயணிகள் சோதனை முழுக்க சிடி-க்கு மாறிவிட்டது.

மார்ச் 5, இரவு

மேலே சொன்ன மடிக்கணினி அடையாளத்தைப் பற்றி இன்னும் யோசித்தேன். அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் ப்ரீசெக் என்ற, முன்னாலேயே பதிந்து சரிபார்க்கப்பட்ட பயணிகளுக்கான வரிசையில் போகிறவர்கள் எந்த இயந்திரமானாலும் மடிக்கணினியை வெளியே எடுப்பதில்லை. அப்புறம், ஒரே நிலையத்தில் ஒரு வரிசையில் பழையதும் பக்கத்து வரிசையில் புதியதும் இருக்கும். போன தடவை இங்கே பழைய இயந்திரம்தான் என்ற ஞாபகத்தை வைத்து இந்தத் தடவை போகாதீர்கள். தெரியவில்லையா, சிடி என்றே வைத்துக்கொண்டு கையால் சோதிக்கக் கேளுங்கள். கேட்பதில் நஷ்டமில்லை.

மார்ச் 6

கையால் சோதிக்கக் கொடுப்பதற்கு எப்படிக் கட்டுவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

35 மிமீ ரோல்களை அட்டைப் பெட்டியிலிருந்தும் கருப்பு டப்பாவிலிருந்தும் எடுத்துவிடுங்கள். ரோல் ரோலாக, ஒரு கண்ணாடி மாதிரியான ஜிப் பையில். கருப்பு டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஒவ்வொன்றாகத் திறந்துதான் ஆகவேண்டும், பின்னால் வரிசை முணுமுணுக்கும், அவருக்கும் பொறுமை போகும். தூசிக்குப் பயந்தால் ஒளி ஊடுருவும் வெள்ளை டப்பா இருக்கிறது, அது பரவாயில்லை. 120 ரோல் (தாளோடு சுற்றி வருகிற அகல ஃபிலிம்) என்றால் உறையோடு விடலாம், எடுத்து முடித்த ரோலில் ஒட்டுத்தாள் நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வையுங்கள். பையில் ஃபிலிமைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. பேட்டரி, லென்ஸ் துடைக்கிற துணி, கேபிள் எல்லாம் வேறு இடம். ஒரு 3200 ரோல் இருந்தால் அதை வெளியே தெரிகிற மாதிரி மேலே வையுங்கள், ஏனென்றால் அதிகாரி முதலில் தேடுகிறது அந்த எண்ணைத்தான். டெவலப் ஆகாத ஃபிலிம், எக்ஸ்ரே வேண்டாம் என்று ஒரு சீட்டு, போகிற நாட்டு மொழியிலும் ஒன்று எழுதி உள்ளே போட்டுவிடுங்கள்.

எப்போது கேட்பது? பை பெல்ட்டில் ஏறுவதற்கு முன்னால். தட்டில் வைத்துவிட்டு "ஐயோ, அதில் ஃபிலிம்" என்று சத்தம் போட்டால் அதற்குள் அது உள்ளே போயிருக்கும். வரிசையில் தட்டு எடுத்துக் கொடுக்கிறவரிடமே ஜிப் பையைக் கையில் பிடித்தபடி சொல்லிவிடுங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனால் பாதி வேலை முடிந்தது.

ஒரு தடவை எனக்கு வாய்த்த அதிகாரி ஒரு வயதான அம்மா. பையை வாங்கிக்கொண்டு மேஜைக்குப் போனார். நீலக் கையுறை, கையில் ஒரு குச்சி, அதன் நுனியில் தபால்தலை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துணி. ரோல்களைக் கவிழ்த்து வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொன்றின் உலோக உடம்பிலும் மூடியிலும் அந்தத் துணியால் தடவினார். நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஃபிலிம் நுனியைத் தொடவே இல்லை, யாரோ அவருக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். துணியைப் பக்கத்து இயந்திரத்தின் வாயில் செருகினார். அது வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று பார்க்கிற கருவி, துகளைச் சூடாக்கி ஆவியாக்கி, அயனிகள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று அளக்கும். சில நொடியில் பச்சை விளக்கு. "இதெல்லாம் இன்னும் கிடைக்கிறதா?" என்று கேட்டார், கிடைக்கிறது அம்மா என்றேன், ரோல்களை எண்ணி மறுபடியும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தார். அவ்வளவுதான் கைச்சோதனை. இதற்குப் போய் எவ்வளவு பேர் பயப்படுகிறார்கள்!

மார்ச் 7

கைச்சோதனை கேட்பது உரிமையா, சலுகையா என்று ஒரு விவாதம் ஓடுகிறது. இடத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் கூட்டாட்சி விமானப் பாதுகாப்பு விதியிலேயே, பயணி கேட்டால் கேமராவையும் ஃபிலிமையும் எக்ஸ்ரே இல்லாமல் சோதிக்க வேண்டும் என்று இருக்கிறது. அங்கே விமான நிலையச் சோதனையை நடத்துகிற டிஎஸ்ஏ-வும் ஃபிலிமைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், சோதனை இடத்தில் கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்றுதான் பயணிகளுக்குச் சொல்கிறது. மற்ற பல நாடுகளில் அப்படி இல்லை, அங்கே நிற்கிற அதிகாரியின் முடிவுதான். அதனால் ஒரு நாட்டு விதியை இன்னொரு நாட்டு அதிகாரியிடம் போய் எடுத்துவிடாதீர்கள், அவருக்குக் கோபம்தான் வரும்.

மறுத்துவிட்டால்? எனக்கும் மறுத்திருக்கிறார்கள். பெயர் வேண்டாம், பெரிய நிலையம். அதிகாரி ஜிப் பையைப் பார்க்கக்கூட இல்லை, 800-க்கு மேல் இருந்தால் மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டே தட்டில் வீசினார். மேலதிகாரியைக் கூப்பிட முடியுமா என்று நிதானமாகக் கேட்டேன். அவர் வந்தார், கேட்டார், 3200 ரோலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், அதை மட்டும் கையால் சோதித்துவிட்டு மீதியை உள்ளே விட்டார். அந்த ரோல்களில் ஒரு கிழவனாரின் பட்டறை இருந்தது. உலை வெளிச்சத்தில் எடுத்தது, படம் பூராவும் நிழல். நெகட்டிவில் அந்த நிழலெல்லாம் புகை போட்ட மாதிரி வந்தது. அவர் இப்போது இல்லை, திரும்பப் போய் எடுக்க வழியில்லை. இன்னும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆகவே மேலதிகாரியைக் கேளுங்கள், ஒரு தடவை, மரியாதையோடு. அதற்கு மேல் வாதாடினால் விமானமும் போகும், ஃபிலிமும் உள்ளேதான் போகும். மறுக்கலாம் என்று தெரிந்தே பயணத்தைத் திட்டமிடுங்கள்.

மார்ச் 7, இரவு

அந்தத் திட்டமிடல் என்ன என்று கேட்டவர்களுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். முக்கியமான படங்களை ஊர் திரும்பும் முன்பே அங்கேயே டெவலப் செய்துவிடுவேன். போகிற இடத்தில் லேப் இருக்கிறதா என்று டிக்கெட் போடும்போதே விசாரிப்பேன். நெகட்டிவ் ஆகிவிட்டால் அப்புறம் எந்த இயந்திரமானாலும் கவலையில்லை. ஃபிலிமை அங்கேயே வாங்க முடிந்தால் போகும் வழியில் படுகிற கதிரும் மிச்சம். அப்புறம், பல விமானம் மாறுகிற டிக்கெட்டைவிட நேரடி விமானத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பேன். ஒவ்வொரு மாற்றமும் இன்னொரு சோதனையாக இருக்கலாம்.

நெகட்டிவ் ஃபிலிமில் ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரு மடங்கு, வெளிச்சம் கொடுத்து எடுப்பதும் ஒரு காப்பு. நிழல் பகுதி நெகட்டிவில் கொஞ்சம் மேலே ஏறி உட்காரும், மூட்டம் வந்தாலும் அதற்கு அடியில் புதைந்து போகாது. ஸ்லைடில் இது செல்லாது. 400-ஐ 1600 என்று வைத்து எடுத்து, அதற்கேற்ப நேரத்தைக் கூட்டித் தள்ளி டெவலப் செய்கிற ஆட்கள் அதை 400 என்று சொல்லிக்கொள்ளவே கூடாது. நீட்டி டெவலப் செய்யும்போது மூட்டமும் சேர்ந்து வளரும். அதிகாரியிடம் 1600 என்று சொல்லலாம், அது பொய்யில்லை.

மார்ச் 9

தபாலில் அனுப்பினால் என்ன என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கூரியர்காரர்களும் ஸ்கேன் செய்கிறார்கள், விமானத்தில் போகிற சரக்குக்கும் சோதனை உண்டு. நம் கண்ணெதிரே நடக்காது என்பதுதான் வித்தியாசம், கேட்கவும் ஆள் இருக்காது. 2001 அக்டோபரில் ஆந்த்ராக்ஸ் கடிதங்கள் வந்த பிறகு வாஷிங்டனின் அரசு அலுவலகங்களுக்குப் போகிற தபாலைக் கதிர்வீச்சில் காட்ட ஆரம்பித்தார்கள், கிருமியைக் கொல்ல. அந்த அளவுக் கதிரில் எந்த ஃபிலிமும் பிழைக்காது. உங்கள் பார்சல் அங்கே போகாதுதான், ஆனாலும் என் ரோலை என் கையில் வைத்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன்.

மார்ச் 10

செக்-இன் பெட்டியில் "துணிக்கு நடுவில் சுருட்டி வைத்தால்" என்று எழுதியவரே, தயவுசெய்து வேண்டாம். துணி கதிரைத் தடுக்காது. செக்-இன் பெட்டிகளுக்கு சிடி வந்து ரொம்ப நாள் ஆயிற்று. இன்விஷன் நிறுவனத்தின் சிடிஎக்ஸ் 5000 இயந்திரத்துக்கு அமெரிக்க விமானத் துறை 1994-லேயே சான்று கொடுத்தது, 2001 செப்டம்பருக்குப் பிறகு இந்த மாதிரி இயந்திரங்கள் எங்கும் பரவின. சந்தேகமான பொருளைக் குறிவைத்து நெருக்கமாக இன்னொரு தடவை பார்க்கிற இயந்திரங்கள் இவை. ஈயப் பை அங்கே இருந்தால் அந்த இரண்டாவது பார்வையை நீங்களே கூப்பிட்ட மாதிரி.

அதில் மாட்டின ரோலை ஒரு நண்பர் கொண்டுவந்து காட்டினார். லைட் பாக்ஸில் விரித்தோம். ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை, நேர்கோடாக இல்லை, அலை அலையாக. ரோலின் ஒரு முனையில் பட்டைகள் நெருங்கியும், போகப்போக விலகியும் இருந்தன. ஏன் அப்படி என்றால், கதிர் சுருண்ட ரோலின் எல்லாச் சுற்றையும் துளைத்துக்கொண்டு போகிறது. விரிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் அதே தழும்பு, சுற்று பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் பெரிதாகிறது. கேமராவில் வெளிச்சம் கசிந்திருந்தால் இப்படி இருக்காது, அது ஓரத்திலிருந்தோ பல் ஓட்டை வழியாகவோ உள்ளே நுழைந்து தேய்ந்து போகும். பழைய ஃபிலிமாக இருந்தால் முழு நீளத்துக்கும் சமமாக மங்கும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் லேப்காரரோடு வீண் சண்டை போட வேண்டியதில்லை.

மார்ச் 11

"கேபினில் எதுவுமே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டால்?" நல்ல கேள்வி. நடந்தே இருக்கிறது. 2006 ஆகஸ்ட் 10, திரவ வெடிகுண்டுச் சதி வெளியான அன்று, பிரிட்டனிலிருந்து கிளம்பிய விமானங்களில் கைப்பையே கூடாது என்றார்கள். பாஸ்போர்ட், பணப்பை, மருந்து என்று சிலவற்றை மட்டும் ஒளி ஊடுருவும் பையில். கேமரா, மடிக்கணினி, போன் எல்லாம் பெட்டிக்குள் போயின. சில நாள் கழித்துத்தான் தளர்த்தினார்கள். 2017 மார்ச்சில் இன்னொரு மாதிரி: மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்காவின் 10 நிலையங்களிலிருந்து அமெரிக்காவுக்கு நேராகப் போகிற விமானங்களில் போனைவிடப் பெரிய மின்னணுச் சாதனம் கேபினில் கூடாது. கேமராவும் அதில் அடக்கம். அந்த ஜூலைக்குள் விலக்கிக்கொண்டார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம், கேமரா பைக்கு உள்ளேயே பஞ்சு வைத்த ஒரு சின்ன உறை தனியாக. எந்த நேரத்திலும் கேமராவையும் லென்ஸையும் கழற்றி, உறையோடு பெட்டிக்குள் இறக்கிவிடலாம். 2017 மாதிரித் தடை என்றால் ஃபிலிம் மின்னணுச் சாதனம் கிடையாது, கையிலேயே வரும். 2006 மாதிரி என்றால் எடுக்காத ஃபிலிமை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போவேன், எடுத்த ரோலோடு என்றால் பயணத்தைத் தள்ளிவைப்பேன். சிலருக்கு இது அதிகமாகத் தோன்றும். எனக்கு அதில் இருக்கிற முகங்கள் முக்கியம்.

மார்ச் 12

"இவ்வளவு பாடு எதற்கு, டிஜிட்டலுக்கு வந்துவிடுங்கள்" என்கிறார் ஒரு தம்பி. வாருங்கள் தம்பி, உங்களுக்கும் வேலை இருக்கிறது.

மெமரி கார்டுக்கும் சென்சாருக்கும் எக்ஸ்ரேயால் ஒன்றும் ஆகாது, சிடி-யானாலும் சரி. நடந்து போகிற வாசல் சட்டத்தின் காந்தப் புலத்தாலும் ஆகாது. தைரியமாக விடுங்கள். டிஜிட்டலுக்கு ஆபத்து தொலைந்து போவதும் பேட்டரியும்தான். உதிரி லித்தியம் பேட்டரி எதுவும் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கேபினில் மட்டும். காரணம் எளிது: கேபினில் தீப்பிடித்தால் அணைக்க ஆள் இருக்கிறது. ஒவ்வொன்றும் 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு உதிரி, 160-க்கு மேல் பயணிக்கு இடமே இல்லை. கணக்குப் போடுவது சுலபம், வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். சாதாரணக் கேமரா பேட்டரி 7.2 வோல்ட், 2 ஆம்பியர்-மணி சொச்சம், அதாவது 15 வாட்-மணி பக்கம். எண்ணிக்கைக்குத் தனியாக வரம்பு வைக்கிற நிறுவனங்களும் இருக்கின்றன, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் மூடி போட்டோ, டேப் ஒட்டியோ வையுங்கள். வீடியோ எடுக்கிறவர்களின் பெரிய பேட்டரியில் எண் அழிந்திருந்தால் அதைப் பிடுங்கிவிடுவார்கள், அச்சுத் தெளிவாக இருக்கிறதா பாருங்கள்.

தூசி ஊதுகிற அழுத்தக் காற்று டின் பெட்டியிலும் கூடாது, கையிலும் கூடாது. ரப்பர் பல்ப் ஒன்று போதும்.

மார்ச் 13

கேமராவுக்குள் பாதி ஓடிய ரோல் இருந்தால்? முடிந்தவரை நிலையத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள், அல்லது சுற்றி எடுத்துவிடுங்கள். நுனி வெளியே நிற்கும்படி சுற்றி, எத்தனையாவது படம் என்று டப்பாவில் எழுதி வைத்தால் பிறகு மறுபடியும் மாட்டி, லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டு அதுவரைக்கும் வெறுமனே அடித்துப் போய்த் தொடரலாம், நடுவில் ஒரு படம் விட்டு. கேமராவோடு கொடுத்தால் சிக்கல் என்னவென்றால், கேமரா உலோகப் பெட்டி, உள்ளே பார்க்க அவருக்கு வழியில்லை, ஒன்று இயந்திரத்தில் விடச் சொல்வார், இல்லையா, ஆர்வக்கோளாறில் பின்கதவைத் திறந்துவிடுவார். பின்கதவில் ஒரு டேப் ஒட்டி "ஃபிலிம் உள்ளே, திறக்காதீர்கள்" என்று எழுதிவிடுங்கள். டேப் எளிதாக உரிகிற வகையாக இருக்கட்டும்.

அப்புறம், உயரத்தில் பறக்கும்போது விண்வெளிக் கதிர் ஃபிலிமைக் கெடுக்காதா என்று ஒருவர் கேட்டிருந்தார். உயரத்தில் அது தரையைவிடப் பல மடங்கு கூடத்தான். ஆனால் ஒரு பயணத்தில் சாதாரண வேக ஃபிலிமில் கண்ணுக்குத் தெரிகிற எதையும் அது செய்வதில்லை. 3200 மாதிரி ஃபிலிமைக் குளிர்பெட்டியில் வருஷக்கணக்கில் வைத்தாலும் மூட்டம் ஏறுவது இந்த இயற்கைக் கதிரால்தான், குளிர் அதைத் தடுக்காது. வேக ஃபிலிமை வாங்கினால் சீக்கிரம் எடுத்துவிடுவது நல்லது.

மார்ச் 15

ஷீட் ஃபிலிம், அதாவது ரோலாக இல்லாமல் தனித்தனித் தகடாக வருகிற ஃபிலிம், எடுக்கிற நண்பருக்கு. உங்கள் பாடுதான் பெரிய பாடு. பெட்டியைத் திறந்தால் எல்லாம் போச்சு. சீல் உடைக்காத புதுப் பெட்டி என்றால் மேலே துடைத்துப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் விடுவார்கள். எடுத்த ஷீட்கள் திறந்த பெட்டியில் இருக்கும், அங்கேதான் இழுபறி. வெளிச்சம் புகாமல் கையை மட்டும் உள்ளே விடுகிற இருட்டுப் பை ஒன்றைக் கூடவே கொண்டுபோங்கள், "இதற்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள்" என்று கொடுக்கலாம், கையுறையோடு. முன்கூட்டியே நிலையத்துக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்தால் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சினிமாப் படப்பிடிப்புக் குழுக்கள் கேன்களோடு போகும்போது இப்படித்தான் முன்னாலேயே ஏற்பாடு செய்கிறார்கள்.

எடுத்த உடனே படம் தருகிற வகைகளில் இன்ஸ்டாக்ஸ் ஃபிலிம் 800, போலராய்டின் 600 வகை 640 வேகம். குழந்தைகள் கையில் இருப்பதால் இதை யாரும் ஃபிலிம் என்றே நினைப்பதில்லை, அப்படியே பெல்ட்டில் போகிறது. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற கேமராக்களில் இருப்பதும் 400 அல்லது 800. இதெல்லாம் அதே ஜிப் பைக்குள் போக வேண்டியவை.

மார்ச் 16

ஈயப் பை பற்றி ஒருவர், "பழைய இயந்திரத்தில் 3200-க்கு அது உதவாதா?" என்று மறுபடியும் கிளப்பியிருக்கிறார். கதிரை ஓரளவு தடுக்கும், மறுக்கவில்லை. கைச்சோதனை மறுக்கப்பட்டு, எதிரே இருப்பது பழைய பெட்டிதான் என்று கண்ணால் பார்த்து, அதிகாரியும் அது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதித்தால் போடலாம். அந்த மூன்றும் ஒன்றாகக் கூடிவருகிற இடம் குறைந்துகொண்டே போகிறது. நான் அந்த எடைக்கு இன்னும் ரெண்டு ரோல் கொண்டுபோவேன்.

மார்ச் 18

கிளம்பும் முன் கடைசியாக ஒன்று, இதை யாரும் இதுவரை கேட்கவில்லை. சோதனையெல்லாம் தாண்டி, கதவருகே நிற்கும்போது "மேலே இடமில்லை, பையைக் கீழே அனுப்புகிறோம்" என்று கேமரா பையை வாங்கிக்கொள்வார்கள். சின்ன விமானங்களில் தினமும் நடப்பது. அப்போது பதற்றத்தில் பையை அப்படியே கொடுத்துவிட்டால் பேட்டரி சரக்கறைக்குப் போகிறது, அது விதிக்கே விரோதம். ஃபிலிமும் போகிறது, இறங்குகிற இடத்தில் எந்த வழியாக வந்து சேரும் என்று சொல்ல முடியாது. வேறு விமானம் மாறுவதாக இருந்தால் பையை இன்னொரு தடவை ஸ்கேன் செய்யவும் கூடும். ஜிப் பையையும் பேட்டரி உறையையும் பையின் மேல் அறையில், ஒரே இழுப்பில் கையோடு வருகிற மாதிரி வையுங்கள், கோட்டுப் பையில் அடங்குகிற அளவாக. வாங்குகிறவரிடம் ஒரு நிமிடம் கேட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு பிறகு பையைக் கொடுங்கள்.